பழைய பயண டிரெய்லரைக் குடும்பமாகப் புதுப்பித்தல்

பயண டிரெய்லர் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு ஆகும். படுக்கை, அடுப்பு, மேசை, அலமாரி ஆகியவை அதற்குள்ளேயே அமைந்திருக்கும். பிரிட்டனில் இதைக் கேரவன் என்பர். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டியே நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அதைவிட மிகச் சிறியது. சொந்த எஞ்சின் இல்லாதது. அமெரிக்காவில் 1940கள் முதல் 1960கள் வரை செய்யப்பட்ட இத்தகைய டிரெய்லர்களைப் பண்ணைக் கொட்டகைகளிலிருந்தும் வீட்டுக் கொல்லைகளிலிருந்தும் மீட்டு, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து புதுப்பிப்பது அங்கே பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காக இருந்து வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வண்ணம் பூசித் திரைச்சீலை மாட்டும் வேலையாகத் தோன்றும். உண்மையில் இது தச்சு வேலை. அதற்கும் முன்னால், தண்ணீர் எந்த வழியாக உள்ளே புகுந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை.

வரலாறு

காரில் ஊர் சுற்றி, போகும் இடத்தில் முகாமிட்டுத் தங்குவோர் 1919ஆம் ஆண்டிலேயே புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தை அமைத்தனர். 1934இல் கிளைடர் விமானங்கள் கட்டிய ஹாலி போலஸ், அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த 'ரோட் சீஃப்' டிரெய்லரை உருவாக்கினார். அதன் வழியில் வாலி பயாமின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் 'கிளிப்பர்' மாதிரியை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியம் போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால் உல்லாச டிரெய்லர் உற்பத்தி முடங்கியது. போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் பெருகின; 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தால் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் போடப்பட்டன. ஷாஸ்டா, ஸ்காட்டி போன்ற மலிவான சிறு டிரெய்லர்கள் இந்தக் காலத்தில்தான் பரவலாயின.

இவற்றில் பலவற்றின் பக்கவாட்டுத் தோற்றம், இறைச்சி அடைத்து விற்கும் தகர டப்பாவைப் படுக்க வைத்ததுபோல் இருக்கும். ஆகவே 'கேன்டு ஹாம்' என்ற செல்லப் பெயர் வந்தது. குடும்பங்கள் அதிகம் தேடுவது இந்த வகையைத்தான். அளவில் சிறியது, எளிய மரவேலைக் கருவிகளே போதும் என்பன காரணங்கள்.

உள்ளிருந்து வெளியே கட்டப்பட்டது

கேன்டு ஹாம் டிரெய்லரின் அடியில் எஃகுச் சட்டமும் அச்சும் சக்கரங்களும் உள்ளன. அதன் மேல் மரத்தளம். சுவர் என்பது மெல்லிய மரச்சட்டங்களால் ஆன கூடு. அதன் உட்புறம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளைவுட், வெளிப்புறம் அலுமினியத் தகடு. தொழிற்சாலையில் முதலில் உட்பலகையும் சட்டமும் நிறுத்தப்பட்டன. பிறகு அலமாரிகள் பொருத்தப்பட்டன. பல இடங்களில் அவற்றின் திருகாணிகள் வெளிப்பக்கத்திலிருந்தே முடுக்கப்பட்டன. மின்கம்பியும் வெப்பத்தடுப்புப் பஞ்சும் வைத்த பிறகு, கடைசியாகத்தான் தகடு போர்த்தப்பட்டது.

இந்த வரிசையைப் புரிந்துகொள்வதே முக்கியம். கூரைக் காற்றுப்போக்கி, சன்னல் ஓரம், விளக்கின் அடிப்பாகம், தகடுகள் சேரும் மூலை ஆகிய இடங்களில் அன்று வைத்த பட்டி சில பத்தாண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும். மழைநீர் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே இறங்கி, கீழே முன்மூலைகளிலும் பின்மூலைகளிலும் தங்கும். மரம் அங்கே உளுத்துப் பொடியாகும். உள்ளே தெரிவது பலகையில் ஒரு கறுப்புக் கறை மட்டுமே. கூர்மையான திருப்புளியால் குத்திப் பார்த்தால் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அந்தக் கறையின் மேல் புதுப் பலகை அடித்து வெள்ளை வண்ணம் பூசிவிட்டால் ஓரிரு ஆண்டுகள் அழகாக இருக்கும். ஆனால் ஓடும்போது சுவரைத் தாங்க வேண்டிய சட்டம் அங்கே இல்லை. எனவே சரியான பழுதுபார்ப்பு தகட்டைக் கழற்றி வெளியிலிருந்து நடக்க வேண்டும்.

கழற்றுவதிலும் அவசரம் ஆகாது. அலமாரிகள் வெறும் சாமான் வைக்கும் இடமல்ல. இரு சுவர்களையும் விலகாமல் பிடித்து நிறுத்துபவையும் அவையே. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிய்த்துப் போட்டால் கூடு கோணிப்போகும். அனுபவமுள்ளோர் குறுக்குக் கட்டைகள் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கத்துக்குப் போகின்றனர். உளுத்த துண்டையும் உடனே எறிவதில்லை. வளைவான கூரைச் சட்டத்தின் அளவை வேறு எங்கும் பெற முடியாது; பழைய துண்டே புதியதை வெட்டுவதற்கான அச்சு. ஒட்டும் பணிக்குப் பியூட்டைல் நாடா ஏற்றது, அது நெடுநாள் இளக்கமாக இருக்கும். பலர் கைக்கு எளிதென்று சிலிக்கோனைப் பிதுக்கிவிடுகின்றனர். பிறகு அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

உட்புறப் பலகைகளின் பொன்னிறத்துக்கு ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. பிர்ச் மரப் பிளைவுட்டில் அம்பர் ஷெல்லாக் பூசித்தான் அந்நிறம் பெறப்படுகிறது. ஷெல்லாக் என்பது அரக்குப் பூச்சி தரும் பிசின். அதை அதிகம் விளைவிக்கும் நாடுகளில் முதன்மையானது இந்தியா. நம் ஊர்த் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷும் இதுவே. மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவினால், புதிய பலகையின் நிறம் பழையதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

பிள்ளைகளுக்கு எந்த வேலை?

குடும்பப் பணி என்ற பெயரில் பெரியவர்கள் வேலை செய்ய, பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது வழக்கம். சில வாரங்களில் அவர்களுக்குச் சலித்துவிடும். இந்த வேலையிலோ, சிறுவர் இல்லாவிட்டால் உண்மையிலேயே தடைப்படும் பகுதிகள் இருக்கின்றன. கழற்றும் முன் ஒவ்வொரு மூலையையும் படமெடுப்பது, திருகாணிகளைத் தனித்தனி உறையிலிட்டு இடம் எழுதுவது, தரைப்படத்தை அளவோடு வரைவது ஆகியவை பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடியவை. ஓராண்டு கழித்து மீண்டும் பூட்டும்போது அந்தக் குறிப்பேடு இல்லாமல் தந்தைக்கு ஒன்றும் ஓடாது. நீண்ட அலுமினியத் தகட்டை ஒருவரே தூக்கினால் நடுவில் மடிந்துவிடும். மடிப்பை முற்றாக நிமிர்த்த முடியாது. மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். ஏர்ஸ்ட்ரீம் வகையில் கெட்டி ரிவெட் அடிக்கும்போது வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியை இயக்க, உள்ளே மற்றவர் இரும்புக் கட்டியை ரிவெட்டின் முனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரலால்தான் ஒத்துப்போக வேண்டும்.

அதேவேளை, பிள்ளைகளை அண்டவிடக் கூடாத பகுதிகளும் உண்டு. அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். ஆகவே பழைய வண்ணத்தைச் சோதிக்காமல் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நெடுநாள் மூடிக்கிடந்த டிரெய்லரில் எலிகள் குடியிருந்திருக்கும். அவற்றின் எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் ஹான்டா வைரஸ் காற்றில் கலக்கலாம். கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, கையுறை அணிந்து, கிருமிநாசினியால் நன்கு நனைத்த பிறகே துடைத்தெடுக்க வேண்டும். எரிவாயுக் குழாய், பழைய ஹீட்டர் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை. வெளியே புகைபோக்கி இல்லாத பழைய ஹீட்டர், மூடிய சிறு அறையில் கார்பன் மோனாக்சைடை நிரப்பும், அதற்கு மணமில்லை. கண்டுபிடிக்கும் கருவி பொருத்தாமல் ஒரு இரவும் உள்ளே உறங்கக் கூடாது.

சாலைக்குத் திரும்புதல்

டயரின் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெடும். பக்கச் சுவரிலுள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2315 என்றால் 2015இன் 23ஆம் வாரம். சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ் இட வேண்டும். பிரேக்கையும் விளக்குகளையும் சோதிக்க வேண்டும்.

எடைப் பங்கீட்டைப் பலர் மறந்துவிடுகின்றனர். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, காரோடு இணையும் முன்முனையில் அழுந்த வேண்டும். 1000 கிலோ என்றால் 100 முதல் 150 கிலோ. புதுப்பிக்கும்போது தண்ணீர்த் தொட்டியையோ கனமான பேட்டரியையோ அச்சுக்குப் பின்னால் வைத்தால் முன்முனை இலேசாகிவிடும். அப்போது வேகமெடுத்ததும் டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுத்துச் சாய்க்கக்கூடும். ஆகவே அலமாரிகளின் இடத்தை மாற்ற நினைப்போர் அதை வரைபடத்திலேயே கணக்கிடுகின்றனர். எல்லாம் முடிந்தபின் எடைமேடையில் மீண்டும் நிறுத்துப் பார்க்கின்றனர்.

கிளம்பும் முன் ஒரு சோதனை மிச்சம். ஒருவர் வெளியே நின்று குழாயால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் அடிக்க, மற்றவர்கள் உள்ளே விளக்குடன் ஒவ்வொரு சன்னலையும் மூலையையும் பார்த்திருப்பர். முதல் பயணத்தைப் பக்கத்து ஊரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புதிதாகப் பூட்டிய சக்கர நட்டுகள் முதல் 80 கிலோமீட்டருக்குள் சற்றுத் தளரும்; வழியில் நிறுத்தி மறுபடி முடுக்க வேண்டும்.