ஒளிகாட்டும் உயிரணு

குருதியில் உள்ள நிணநீரணுக்களை நுண்ணோக்கியில் நோக்கினால், அவை பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் அவற்றின் பணிகள் வேறு. ஒருவகை எதிர்ப்பொருளை உருவாக்கும். ஒருவகை நோயுற்ற உயிரணுவை அழிக்கும். மற்றொருவகை இவ்விரண்டையும் தூண்டித் துணைநிற்கும். உருவத்தால் வேறுபடாத இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு?

இதற்கான விடை உயிரணுவின் புறப்பரப்பில் உள்ளது. அங்கு அமைந்து, வெளியிலிருந்து வரும் செய்திகளைப் பெறும் புரதங்களை ஏற்பிகள் என்பர். எதிர்ப்பொருள் தனக்குப் பொருந்தும் மூலக்கூறைத் தேர்ந்து பற்றும் இயல்புடையது. அதனோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தால், அது பற்றிய உயிரணு தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஃபுளோரசீன் என்னும் சாயம் நீல ஒளியை ஏற்றுப் பச்சை ஒளியை உமிழ்வது.

எதிர்ப்பொருளோடு ஒளிரும் பொருளைப் பிணைக்கும் முறையை 1941ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் ஆல்பர்ட் கூன்ஸும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். ஒரே தன்மையுடைய எதிர்ப்பொருள்களை வேண்டிய அளவு உருவாக்கும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். 1984இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்று 'ஃபுளோ சைட்டோமீட்டர்' என்னும் கருவியில், சாயமேற்றிய உயிரணுக்கள் மெல்லிய நீர்த்தாரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. லேசர் கதிர் படும்போது ஒவ்வொன்றும் உமிழும் ஒளியைக் கருவி அளக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான உயிரணுக்களை இவ்வாறு ஆராயலாம்.

எச்.ஐ.வி. நச்சுயிரி, துணைபுரியும் டி உயிரணுவின் சிடி4 ஏற்பியைப் பற்றியே உள்நுழைகிறது. நலமான பெரியவர் ஒருவரின் குருதியில் கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இவ்வுயிரணுக்கள் இருக்கும். இவ்வெண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கினால், பிற தொற்றுகளைத் தடுக்கும் மருந்துகளும் தேவைப்படும்.

எனவே, எண்ணிக்கையில் பிழை நேர்தல் கூடாது. ஆனால், ஒளிர்வன எல்லாம் நாம் தேடுவன அல்ல. மோனோசைட்டு என்னும் வெள்ளையணுவும் சிறிதளவு சிடி4 உடையது. மேலும், எதிர்ப்பொருளின் அடித்தண்டைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் அதற்குண்டு. இறந்த உயிரணுக்களோ வகைதொகையின்றிச் சாயத்தை ஏற்கும். இவற்றையும் சேர்த்து எண்ணினால், ஆற்றல் குன்றிய நோயாளியும் நலமுடையவராகத் தோன்றுவார். உரிய மருந்து அவரைச் சேராது போகும்.

ஆதலால், டி உயிரணுக்களுக்கே உரிய சிடி3 புரதத்தை மற்றொரு நிறச் சாயத்தால் அடையாளப்படுத்தி, இரு நிறங்களும் ஒருங்கே அமைந்தவற்றையே கணக்கில் கொள்வர். ஆய்வுக்கூடங்களில், அடித்தண்டைப் பிடிக்கும் ஏற்பிகளைச் சாயமில்லா எதிர்ப்பொருள்களால் முன்னரே நிரப்பிவிடுவர். எந்த இலக்கையும் பற்றாத எதிர்ப்பொருளில் அதே சாயத்தைப் பிணைத்து ஒப்பிட்டும் பார்ப்பர்.

கண்ணுக்குப் புலப்பட்டதையும் ஐயுற்று ஆராய்ந்த பின்னரே அறிவியல் அதனை உண்மை என ஏற்கிறது. அவ்வாறு ஆராய்ந்து பெற்ற எண்ணே நோயாளியின் உயிரைக் காக்கத் துணைநிற்கும்.