கண்மாய்க் கரைக்குப் புல்வெட்டும் யந்திரம்: வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

செட்டிநாட்டில் கண்மாய் இல்லாத ஊரைக் காண்பது அரிது. செம்மண்ணும் சரளையும் செம்புராங்கல்லும் கலந்த மேட்டு நிலத்தில், வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கிவைத்தே நம் முன்னோர் பயிர் செய்தனர். அந்தக் கண்மாயின் உயிர் அதன் கரையில் இருக்கிறது. மழை ஓய்ந்து தை பிறக்கும்போது கரையெங்கும் புல்லும் முட்செடியும் இடுப்பளவு வளர்ந்து நிற்கின்றன. புதருக்குள் எலி வளை இருப்பதை எவரும் காண்பதில்லை. அடுத்த மழையில் அந்த வளை வழியே நீர் கசிந்து, கரை உடைந்த பின்னரே காண்கிறோம். ஆதலால் கரையைத் துப்புரவாக வைத்திருப்பது பாசன விவசாயிகள் அனைவருக்கும் பொதுவான அவசியமாகும்.

வெட்டுக்கு ஆள் கிடைப்பது அருமையாகிவிட்ட இந்நாளில், கரடுமுரடான நிலத்திலும் ஓடக்கூடிய கனரகப் புல்வெட்டும் யந்திரங்கள் சந்தைக்கு வந்துள்ளன. டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டின் மீது ஓடுவதும், நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புவதும் இவற்றின் சிறப்பு. “சங்கம் ஒன்று வாங்கி அங்கத்தினருக்கு வாடகைக்கு விடலாமா?” என்ற வினா எழுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடைகாணும் வழியை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெல்ட்டின் பயன்

பெல்ட் வண்டி நமக்குப் புதியதன்று. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை யந்திரம் புதையும்போது, பெல்ட் வண்டியைத் தேடிப் பிடிப்பது நாம் அறிந்த செய்தியே. 1904ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்தியாவில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்டாக்டன் நகரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பார், சக்கரம் புதையும் சேற்று நிலத்தை வெல்லும்பொருட்டுப் பெல்ட் போன்ற பட்டையின்மீது ஓடும் உழவு யந்திரத்தை ஓட்டிக் காட்டினார். தத்துவம் இன்றும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டு. 700 கிலோ எடையுள்ள வண்டியின் நான்கு டயர்களும் தரையைத் தொடும் பரப்பு மொத்தம் 600 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஒரு கிலோவுக்கு மேல் சுமக்கிறது. அதே எடை, 20 சென்டிமீட்டர் அகலமும் 100 சென்டிமீட்டர் நீளமும் தரையில் படியும் இரண்டு பெல்ட்டுகள்மீது நின்றால், பரப்பு 4,000 சதுர சென்டிமீட்டராகி, சுமை கால் கிலோவுக்கும் குறைந்துவிடுகிறது. மண் அமுங்குவது குறைகிறது, பிடிமானம் கூடுகிறது.

நின்ற இடத்தில் திரும்புவது எப்படி? இரு பக்கமும் தனித்தனியே இயங்குகின்றன. ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னும் சுழன்றால் வண்டி தன்னிலேயே வட்டமிடும். சமநிலத்தில் இது வசதி. கரையின் உச்சியிலோ, இப்படித் திரும்பும்போது பெல்ட் மண்ணை அரைத்து வழிக்கிறது. கரையைப் பிடித்து நிறுத்தும் புல் வேர் பெயர்ந்துபோகும். கூர்மையான சரளையோ ரப்பரை அறுக்கும். ஆகவே கரையில் முன்னும் பின்னும் சென்று சிறிது சிறிதாகத் திருப்புவதே நலம். இந்தச் சிறப்பை நம்பி அதிக விலை கொடுப்பவர், அதை எவ்வளவு பயன்படுத்தப் போகிறார் என்பதையும் எண்ணவேண்டும்.

சரிவும் கல்லும்

கண்மாய்க் கரையின் சரிவு இரண்டுக்கு ஒன்று என்றால் அது ஏறத்தாழ 27 பாகை. ஒன்றரைக்கு ஒன்று என்றால் 34 பாகை. டயர் வைத்த, ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகளை 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டலாகாது என்று உற்பத்தியாளர் பலர் எச்சரிக்கின்றனர். பிடிமானம் தவறினால் இவ்வகை வண்டியில் திருப்பும் வசதியும் நிறுத்தும் வசதியும் ஒருங்கே போய்விடுவதே காரணம். எனவே கரைச் சரிவுக்கு, தொலைவில் நின்று இயக்கும் பெல்ட் வகையே பொருத்தம். அதிலும் எத்தனை பாகைவரை ஓடலாம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஏறுசரிவில் ஓட ஒரு வரம்பும், குறுக்குச் சரிவில் ஓட வேறு வரம்பும் இருக்கலாம். இரண்டையும் கேட்க வேண்டும்.

அடுத்தது கல். சுழலும் கத்தியின் நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டலாகாது என்பது அமெரிக்காவில் புல்வெட்டிகளுக்கு வகுத்துள்ள வரம்பு. இது வினாடிக்கு ஏறத்தாழ 96 மீட்டர்; மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அவ்வேகத்தில் கத்தி ஒரு சரளைக்கல்லைத் தட்டினால் அது துப்பாக்கிக் குண்டுபோல் பாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நம் நிலத்தில் கல்லுக்குக் குறைவில்லை. வேலை நடக்கும்போது நூறு அடிக்குள் ஆளும் ஆடு மாடும் வராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும். அச்சில் தொங்கும் சிறு கத்திகள் கொண்ட வகை, ஒரே நீண்ட கத்தி சுழலும் வகையைவிடக் கல்லைக் குறைவாக எறியும். புதர் நிலத்துக்கும் ஏற்றது.

சீமைக்கருவேலுக்கு இது மருந்தா?

பலர் இந்த யந்திரத்தைச் சீமைக்கருவேலை ஒழிப்பதற்கென்றே கேட்கின்றனர். 2017ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு தென் மாவட்டங்களுக்கு உத்தரவிட்டதும், அதே ஆண்டில் சென்னையில் அதற்குத் தடை பிறந்ததும், 2022இல் அரசு அயல் களைத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டதும் நினைவிருக்கலாம். வழக்கு எவ்வாறாயினும் மரத்தின் இயல்பு ஒன்றே. மண்ணுக்கு மேலே வெட்டினால், மண்ணுக்குள் உள்ள மொக்குகளிலிருந்து மீண்டும் பல கிளைகளாகத் துளிர்க்கும். அடிக்கட்டையை ஒரு சாண் ஆழம்வரை பெயர்த்தால் அன்றி மாளாது. புல்வெட்டும் யந்திரம் இளந்தளிரையும் விரல் பருமனுள்ள செடியையும் வெட்டும், மரத்தை ஒழிக்காது. அதற்கு மண் தோண்டும் யந்திரமே வேண்டும். காயைத் தின்னும் ஆடும் மாடும் சாணத்தோடு விதையைப் பரப்புவதால், பெயர்த்த நிலத்தை அடுத்த சில ஆண்டுகள் கண்காணித்து நாற்றைக் களைவதும் அவசியம். அந்தப் பிந்தைய வேலைக்கே இந்த யந்திரம் உதவும்.

விலையும் மணிக்கணக்கும்

சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். ஆகவே கணக்கைத் தெளிவாகப் பார்ப்போம். கீழ்க்கண்ட எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உண்மை விலையை அவரவர் நிரப்பிக்கொள்க.

யந்திரத்தின் விலை 12 லட்சம், ஆயுள் 8 ஆண்டு, முடிவில் விற்பனை மதிப்பு 2 லட்சம் எனக் கொண்டால், ஆண்டுத் தேய்மானம் 1,25,000 ரூபாய். சராசரி முதலீடான 7 லட்சத்துக்கு 9 விழுக்காடு வட்டி 63,000. கொட்டகையும் காப்பீடும் 20,000. ஆக நிலைச்செலவு 2,08,000 ரூபாய். இது யந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு.

ஆண்டுக்கு 200 மணி நேரம் ஓடினால் நிலைச்செலவு மணிக்கு 1,040 ரூபாய். 500 மணி நேரமானால் 416. 800 மணி நேரமானால் 260. இவற்றோடு எரிபொருள், ஓட்டுநர் கூலி, கத்தி, பெல்ட், பழுதுபார்ப்பு என மணிக்கு 700 ரூபாய் சேர்த்தால் முறையே 1,740, 1,116, 960 ரூபாயாகும்.

“மானியம் உண்டே?” எனக் கேட்கலாம். விலையில் 40 விழுக்காடு மானியம் கிடைத்ததாகவே கொள்வோம். நிலைச்செலவு 1,26,400 ஆகக் குறையும். ஆனால் யந்திரம் 200 மணி நேரமே ஓடினால், மணிக்கு 1,332 ரூபாய் ஆகிறது. மானியமே இல்லாமல் 500 மணி நேரம் ஓடிய யந்திரத்தின் செலவைவிட இது அதிகம். மானியம் விலையைக் குறைக்கிறது. வேலையே செலவைக் குறைக்கிறது. இதை நெசவாளர் எவர்க்கும் விளக்கவேண்டுவதில்லை. தறியின் விலை அல்ல, தறி ஓடும் நாள்களே குடும்பத்தைக் காப்பது என்பது அவர்கள் அன்றாடம் காணும் உண்மை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1.2 மீட்டர் அகலம் வெட்டும் யந்திரம், விளம்பரத் தாளில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஏறக்குறைய 3 ஏக்கர் முடிக்கும். கல்லும் பள்ளமும் உள்ள கரையில் வேகம் 2 கிலோமீட்டராகி, நிற்பதும் திரும்புவதும் கழித்தால், மணிக்கு மூன்றில் ஒரு பங்கு ஏக்கரே மிஞ்சும். ஏக்கர் ஒன்றுக்கு எத்தனை மணி என்பதை விளம்பரத்தாளை நம்பிக் கணக்கிடலாகாது.

சோதனை நாள்

வாங்குமுன் அரைநாள் சோதனை கேட்கவேண்டும். சோதனை இடத்தைச் சங்கமே தெரிந்தெடுக்க வேண்டும். ஊரிலேயே மோசமான கரை எதுவோ அங்கே நடத்துக. காலையில் எரிபொருளை நிரப்பி, முடிவில் மீண்டும் நிரப்பி அளந்து பார்க்க வேண்டும். வெட்டிய பரப்பை நூல் பிடித்து அளக்க வேண்டும். கத்தி கழற்ற எத்தனை நிமிடம், பெல்ட் கழன்றால் மாட்ட எத்தனை பேர், உதிரிபாகம் காரைக்குடியிலோ மதுரையிலோ கிடைக்குமா, பழுது வந்தால் எத்தனை நாளில் மெக்கானிக் வருவார் என்பனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்க. மானியம் பெற, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் அறிக்கை தேவைப்படும். ஆந்திர மாநிலம் அனந்தப்பூர் மாவட்டத்தில் கார்லதின்னேயில் இயங்கும் தென்மண்டல நிலையம் இத்தகைய சோதனை செய்வதாகும். அவ்வறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே விடை.

செய்யக்கூடியது

கண்மாய் பொதுச் சொத்து. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையிடமும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. எழுத்துமூலம் அனுமதி பெறாமல் கரையில் யந்திரம் ஏற்றலாகாது. யந்திரம் வெட்டும் புல் தூளாகிவிடும். மாடு வைத்திருப்போர்க்குத் தீனி கிடைக்காது. ஆதலின் பத்து நாளுக்கு முன்பே தண்டோரா போட்டு, வேண்டியோர் அறுத்துக்கொள்ளச் செய்வது நியாயம்.

ஒரு சங்கத்தின் எல்லைக்குள் 500 மணி நேர வேலை கிட்டுவது அரிது. பக்கத்துச் சங்கங்கள் நான்கைந்து சேர்ந்து, வேலையை எழுத்தில் உறுதி செய்து, ஒன்றை வாங்கி முறைவைத்து ஓட்டுவது ஒரு வழி. அதற்கும் முன்பு, வேளாண்மைப் பொறியியல் துறையிடம் தகுந்த யந்திரம் உண்டா என விசாரித்து, உண்டெனில் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து, நாள்தோறும் ஓடிய மணியைக் குறித்துவைப்பது அதனினும் நல்வழி. இல்லாவிடில் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் சிலவற்றோடு ஒரு பருவத்தைத் தள்ளி, அந்தக் குறிப்பையே ஆதாரமாகக் கொள்ளலாம். பருவ முடிவில் அக்குறிப்பைப் பொதுப்பேரவையின் முன் வையுங்கள். 500 மணி நேரம் தேறியிருந்தால் வாங்குவதைப் பற்றிப் பேசுவோம். தேறாவிட்டால் வாடகையோடு நிறுத்திக்கொள்வோம். கரையும் காக்கப்படும், பங்குத்தொகையும் காக்கப்படும்.