உறைந்தால் பாதை, உருகினால் காத்திருப்பு

கடுங்குளிர் நிலவும் நாடுகளில் எந்தப் பருவத்தில் வேலைகள் தடைப்படும் என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் "குளிர்காலத்தில்" என்பார்கள். கனடாவின் வடபகுதியில் கனிமம் தேடுவோரைக் கேட்டால் விடை வேறாக இருக்கும்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரம் எல்லோநைஃப். அதற்கு வடகிழக்கே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில், தூந்திரப் பகுதியில் உள்ளது லாக் டி கிரா ஏரி. 1991இல் இவ்வட்டாரத்தில் வைரம் கொண்ட கிம்பர்லைட் பாறை கண்டறியப்பட்டதும் தேடல் முகாம்கள் பல தோன்றின. கிம்பர்லைட், சுற்றியுள்ள பாறைகளைவிட மென்மையானது. பனியாறுகள் அதை அதிகமாக அரித்ததால் உண்டான பள்ளங்களில் பல இன்று ஏரிகளாக உள்ளன. எனவே, ஏரி கெட்டியாக உறைந்த பிறகு அதன்மேல் எந்திரத்தை நிறுத்தித் துளையிடுவதே எளிது.

முகாம்களுக்கு எல்லாப் பருவத்திலும் செல்லத்தக்க சாலை கிடையாது. கோடையில் மிதவை பொருத்திய சிறு விமானங்கள் ஏரிநீரில் இறங்கும். குளிர்காலத்தில் சறுக்குக் கட்டை பொருத்திய விமானங்கள் பனிக்கட்டியில் இறங்கும். வசந்தத்தில் பனிக்கட்டி உருகும்போதும், இலையுதிர் காலத்தில் நீர் உறையத் தொடங்கும்போதும் இரண்டுக்கும் வழியில்லை. சில வாரங்கள் ஆளும் பொருளும் காத்திருக்க வேண்டியதுதான். பனிப்புயலும் மூடுபனியும் இதற்கு மேல் சில நாட்களை விழுங்கும்.

எரிபொருள், இரும்பு, சிமெண்ட் போன்ற பெருஞ்சுமைகள் லாரியில்தான் வரவேண்டும். அதற்காக 1982 முதல் ஆண்டுதோறும் டிபிட் ஏரியிலிருந்து வடக்கு நோக்கிக் குளிர்காலச் சாலை அமைக்கிறார்கள். வைரச் சுரங்கங்கள் வரை ஏறத்தாழ 400 கி.மீ. நீளமுள்ள இச்சாலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உறைந்த ஏரிகளின் மீதே செல்கிறது. வழக்கமாக ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில் திறந்து, மார்ச் இறுதியையொட்டி மூடப்படும். முழுச்சுமை லாரிக்கு ஒரு மீட்டர் அளவுக்குப் பனிக்கட்டி தடித்திருக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் குளிர்காலம் வெப்பமாக அமைந்தது. சாலை 42 நாட்களே திறந்திருந்தது. சுரங்கங்களுக்குரிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரிச் சுமைகள் போய்ச்சேரவில்லை. அவசரப் பொருட்களைப் பெரும் செலவில் வான்வழியே கொண்டுசெல்ல நேர்ந்தது. சாலையைத் தவறவிட்ட சுமை அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். சில நாள் வெப்பம், ஓராண்டுத் தாமதமாக மாறிவிடுகிறது.

இச்செய்தியைப் பல பாடங்களோடு இணைக்கலாம்.

அறிவியல்: நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தி உடையது. அதனால் ஏரி மேற்பரப்பிலிருந்து உறைகிறது. மேலே படியும் வெண்பனி கம்பளிபோலக் குளிரைத் தடுக்கும். ஆகவே பணியாளர்கள் வெண்பனியை அகற்றிப் பனிக்கட்டியைத் தடிக்கச் செய்கிறார்கள்.

கணக்கு: பனிக்கட்டி தாங்கும் எடை, தோராயமாக அதன் தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிமன் 20 விழுக்காடு குறைந்தால் தாங்கும் எடை எவ்வளவு குறையும்? (36 விழுக்காடு.) சுமை லாரிகள் பனிக்கட்டியின் மீது மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. விரைந்தால் அடியிலுள்ள நீரில் அலை எழுந்து பனிக்கட்டி பிளக்கக்கூடும். இந்த வேகத்திலேயே 400 கி.மீ. கடக்க எத்தனை மணி நேரம்? (16 மணி.)

சமூக அறிவியல்: வட கனடா, உலகச் சராசரியைவிட வேகமாக வெப்பமடைந்து வருகிறது. அங்குள்ள பழங்குடியினரின் ஊர்கள் பலவும் உணவுக்கும் எரிபொருளுக்கும் இத்தகைய குளிர்காலச் சாலைகளையே நம்பியுள்ளன. சுரங்க நிறுவனம் விமானத்துக்குப் பணம் செலவிடும். ஒரு சிற்றூர் என்ன செய்யும்? இக்கேள்வியைக் குழு விவாதத்துக்குத் தரலாம். புவி வெப்பமாதல் என்பது மாணவர்களுக்கு வெறும் வரையறையாக நின்றுவிடாமல், மனிதர்களின் அன்றாடச் சிக்கலாகப் புரியும்.