மெட்டுகளை இழந்து குரல் பெற்ற பேஸ் கிதார்

கனடாவில் பிறந்த பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' இசைத்தொகுப்பு 1976 நவம்பரில் வெளியானது. அதன் முதல் பாடல் 'கயோட்டி'. அதில் ஜோனியின் குரலுக்கு இணையாக இன்னொன்றும் குழைந்து, வழுக்கி, ஏறி இறங்கும். முதன்முறை கேட்பவருக்கு அது என்ன கருவி என்றே பிடிபடாது. அதுதான் ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் வாசித்த பேஸ் கிதார்.

வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல் பேஸ் கிதாரின் கழுத்திலும் உலோகக் கம்பிகள் பதிந்திருக்கும். தந்தியின் அதிரும் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். அந்த இடைவெளியே ஒரு ஸ்தாயி. அதை 12 படிகளாகப் பிரிப்பவை அந்தக் கம்பிகள். ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். படிகளுக்கு இடையில் விரல் எங்கே அழுத்தினாலும் சுரம் மாறாது. கருவியே சுருதியைக் காத்துக்கொள்ளும்.

ஜாக்கோ இந்தப் பாதுகாப்பை வேண்டாம் என்றார். கம்பிகள் நீக்கப்பட்ட தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பள்ளங்களை நிரப்பி, மரத்தின்மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பிசினைப் பூசினார். அதன்பின் எந்த அதிர்வெண்ணையும் தொடலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழையலாம். ஆனால் விரல் அரை சென்டிமீட்டர் தள்ளி விழுந்தாலும் அபசுரம்தான்.

அதன் நாதம் பாடுவதுபோல் கேட்பதற்கும் காரணம் உண்டு. மெட்டுள்ள கருவியில் தந்தி உலோக விளிம்பில் சட்டென்று முடிகிறது. இங்கே விரல்சதைக்கும் பலகைக்கும் இடையில் முடிகிறது. அதிரும் தந்தி, கடினமான எபாக்சிப் பரப்பை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். அதனால் அடிப்படை அதிர்வோடு சேரும் மேல்சுரங்களின் வலிமை நொடிக்கு நொடி மாறுகிறது. வாயின் வடிவம் மாறும்போது மனிதக் குரலில் உயிரெழுத்துகள் மாறுவதும் மேல்சுரங்களின் வலிமை மாறுவதால்தான். ஆகவே காது அதைக் குரலுக்கு நெருக்கமாக உணர்கிறது.

ஜோனியின் கிதாரும் வழக்கமான வழியில் போகவில்லை. ஒன்பது வயதில் போலியோ தாக்கியதில் அவருடைய இடக்கை பலவீனமானது. கடினமான விரல்பிடிகளுக்குப் பதில், தந்திகளின் சுருதியையே மாற்றிவைத்தார். வெறும் தந்திகளை மீட்டினாலே கார்டுகள் எனப்படும் சுரக்கூட்டுகள் ஒலித்தன. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகளை உருவாக்கினார்.

அவற்றில் பிறந்த பல கார்டுகளில் காந்தாரம் இல்லை. ஷட்ஜத்தோடு 5:4 விகிதத்தில் சேரும் அந்தர காந்தாரம் மேஜர் கார்டின் மலர்ச்சியைத் தருகிறது. 6:5 விகிதச் சாதாரண காந்தாரம் மைனரின் ஏக்கத்தைத் தருகிறது. காந்தாரத்தை நீக்கி, 4:3 விகித மத்யமத்தையும் 3:2 விகிதப் பஞ்சமத்தையும் ஷட்ஜத்தோடு வைத்தால், மகிழ்ச்சியா சோகமா என்று காதால் முடிவு கட்ட முடியாது. மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை தானே கார் ஓட்டி வந்த பயணத்தில் எழுதிய பாடல்களுக்கு, எங்கும் தங்காத இந்த ஒலி அப்படியே பொருந்தியது.

இந்த இடத்தில்தான் ஜாக்கோ அவசியமானார். ஒரு கார்டை அதன் அடிச்சுரத்தை வைத்தே காது அடையாளம் காண்கிறது. ஸி, ஈ, ஜி ஆகிய மேற்கத்தியச் சுரங்கள் மூன்றும் சேர்ந்தால் ஸி மேஜர். அடியில் ஏ வந்து சேர்ந்தால், அதே மூன்றும் ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். பாப் பாடல்களில் பேஸ் பெரும்பாலும் மூலச்சுரத்தைப் பிடித்து நின்று கார்டுக்குப் பெயர் சூட்டிவிடும். ஜாக்கோ அப்படி நிற்கவில்லை. ஜோனி திறந்துவைத்த கார்டுகளை மூடாமல் அவற்றுக்குள் உலவினார். பாப் பாடலாசிரியரும் ஜாஸ் கலைஞரும் இங்கே உண்மையாகவே கலந்தார்கள்.

அந்தப் பாதை மேலும் நீண்டது. ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸ், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயில் இருந்தபோது ஜோனியை அழைத்து, அவருக்காகவே பாடல் மெட்டுகள் அமைத்தார். 1979 ஜனவரியில் மிங்கஸ் காலமானார். 'மிங்கஸ்' இசைத்தொகுப்பு அதே ஆண்டு வெளிவந்தது. அதிலும் ஜாக்கோ வாசித்தார்.

வழக்கமான பேஸ் கிதாரில் ஆகத் தாழ்ந்த சுரம் தரும் தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அதைச் சரியாக எழுப்ப முடியாது. நல்ல ஹெட்ஃபோன் அணிந்து 'கயோட்டி'யை இரண்டு முறை கேளுங்கள்: முதலில் குரலை, அடுத்து பேஸை மட்டும்.