பெட்ரோல், மின்சாரம், ஹைட்ரஜன்: ஒரு பத்தாண்டுக் கணக்கு

ஒரு காருக்கு ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிட, வாங்கிய விலை, கட்டிய வட்டி, வரி, காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் விற்றுக் கிடைக்கும் தொகையைக் கழிக்க வேண்டும். பெட்ரோல், மின்சாரம், ஹைட்ரஜன் மூன்று வகைக் கார்களுக்கும் கணக்கு முறை இதுவே. பணம் எந்த இடத்தில் கரைகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. பெட்ரோல் கார் பங்க்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. மின்சார கார் பெரும்பகுதியை முதல் நாளே வாங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் கார் இரண்டு இடத்திலும் வாங்குகிறது.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் ஒரு நடுத்தர பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் 800 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 80,000, பத்தாண்டில் எட்டு லட்சம் ரூபாய். சில சிறிய கார்களின் விலையே அவ்வளவு வராது. இந்தப் பணத்தின் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது, மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. இதற்கு மேல் என்ஜின் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஒரு கட்டத்தில் கிளட்ச் பிளேட் என்று சர்வீஸ் செலவு தொடரும்.

அதிகம் ஓடுபவர்கள் டீசல் கார் வாங்க வேண்டும் என்ற பழைய கணக்கு 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்த பிறகு பலவீனமாகிவிட்டது. புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி கட்டாயமாகி விலை ஏறியது. நகரத்துக்குள் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு தனிச் செலவு வைக்கும்.

மின்சார கார் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும், சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் மீட்டரில் விழும் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர்தான் கிடைக்கும். அதே 12,000 கிலோமீட்டருக்கு 2,000 யூனிட் ஆகிறது. யூனிட் 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 20,000 ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் மிச்சம். ஒத்த வசதியுள்ள பெட்ரோல் காரைவிட நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தால், ஏழு ஆண்டுக்குள் அது திரும்பிவிடும்.

விளம்பரங்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். கூடுதலாகக் கொடுத்த அந்த நான்கு லட்சம் கடனாக இருந்தால், 9 சதவீத வட்டியில் முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய 36,000 ரூபாய். அது மிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. ஓடும் தூரமும் கணக்கை அடியோடு மாற்றும். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் குடும்பக் காரில் மிச்சம் 25,000 ரூபாய்தான். வட்டியைச் சேர்க்காமலே நான்கு லட்சம் திரும்ப 16 ஆண்டு வேண்டும். 40,000 கிலோமீட்டர் ஓடும் டாக்சிக்கு அதே தொகை இரண்டே ஆண்டில் வந்துவிடும். பெட்ரோலுக்கே அஞ்சி வண்டியை வீட்டில் நிறுத்தி வைப்பவர்களுக்கு மின்சார காரால் பணம் மிச்சமாகாது.

சார்ஜ் போடும் இடமும் முக்கியம். நெடுஞ்சாலை விரைவு சார்ஜரில் யூனிட்டுக்கு 22 ரூபாய் கொடுத்தால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. பெட்ரோல் காரின் ஆறரை ரூபாயைவிட அது குறைவுதான் என்றாலும் மிச்சம் ஐந்து ரூபாயிலிருந்து மூன்று ரூபாயாகச் சுருங்குகிறது. சொந்தமாகச் சார்ஜ் பாயின்ட் வைக்க இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போட்டால் இரண்டு மாதத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் யூனிட் கூடும். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், கார் குடிக்கும் மின்சாரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் ஆகும் மின்சாரத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

பலரையும் பயமுறுத்துவது பேட்டரி. பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2010-ல் கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்து, புளூம்பெர்க்என்இஎஃப் கணக்குப்படி 2024-ல் 115 டாலராக இறங்கியது. பேட்டரி நன்றாக இருந்தாலும், அடுத்த மாடல் மலிவாகவும் அதிகத் தூரம் ஓடுவதாகவும் வருவதால் பழைய மின்சார காரின் மறுவிற்பனை விலை வேகமாகச் சரிகிறது. பராமரிப்பில் ஆயிலும் கிளட்ச்சும் இல்லை, பிரேக்கும் மெதுவாகவே தேயும். ஆனால் வண்டியின் எடையால் டயர் சீக்கிரம் தேயும்.

அரசின் கை இந்தக் கணக்கில் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் மின்வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடி. பெட்ரோல் விலையிலோ கணிசமான பங்கு வரி. எல்லோரும் மின்சாரத்துக்கு மாறினால் அந்த வருவாயை அரசுகள் வேறெங்காவது தேடத்தான் செய்யும். ஐஸ்லாந்து 2024 ஜனவரியிலும் நியூசிலாந்து அதே ஆண்டு ஏப்ரலிலும் மின்சார கார்களுக்கு ஓடும் தூரத்தின்படி கட்டணம் விதிக்கத் தொடங்கிவிட்டன.

ஹைட்ரஜன் காரும் உள்ளுக்குள் மின்சார கார்தான். தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மின்சாரம் தருகிறது, அது மோட்டாரை ஓட்டுகிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. 2014 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டாவின் மிராய் இவ்வகையில் முதன்மையானது. அதன் இரண்டாம் தலைமுறைக் கார் 5.6 கிலோ ஹைட்ரஜனில் 640 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு.

நடைமுறையில் இதற்கு என்ன செலவாகும் என்பதைக் கலிபோர்னியாவில் பார்க்கலாம். காரோடு 15,000 டாலர் மதிப்புள்ள எரிபொருள் அட்டையை டொயோட்டா இலவசமாகக் கொடுத்தது. கிலோ 13 டாலரை ஒட்டி விற்றபோது அது ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தாங்கும். 2023, 2024 வாக்கில் விலை 36 டாலரை எட்டியதும் அதே அட்டைக்கு 48,000 கிலோமீட்டர்கூட ஓட முடியவில்லை. அட்டை தீர்ந்தபின் அந்த விலையில் தொட்டியை நிரப்ப 200 டாலர் ஆகும். அந்த ஒரு தொட்டியில் ஓடும் தூரத்தை ஒரு ஹைபிரிட் பெட்ரோல் கார் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செலவில் கடந்துவிடும். 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடியது. நிரப்ப இடமில்லாத காரை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். தொட்டிகளுக்கும் 15 ஆண்டு ஆயுள் வரம்பு உண்டு.

இந்தச் செலவுக்குக் காரணம் காரைவிட அதிகமாக எரிபொருளில்தான் இருக்கிறது. தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் வேண்டும். அதை 700 பார் அழுத்தத்துக்கு ஏற்றிக் குளிர்விப்பதையும் சேர்த்தால் 60 யூனிட் அளவுக்கு வரும். அந்த ஒரு கிலோவில் மிராய் 115 கிலோமீட்டர் போகும். அதே 60 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால் 360 கிலோமீட்டர் போகலாம். மின்சாரம் எவ்வளவு மலிந்தாலும் இந்த மூன்று மடங்கு வித்தியாசம் மறையாது. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன் மலிவுதான். ஆனால் அதைத் தயாரிக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது.

கனரக லாரிகளில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பேட்டரியின் எடை சரக்கின் எடையைக் குறைக்கிறது, சார்ஜ் போட நிற்கும் நேரம் வாடகையைக் குறைக்கிறது. ஹுண்டாயின் எக்ஸியன்ட் லாரிகள் 2020 முதல் சுவிட்சர்லாந்தில் ஓடுகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட், ரிலையன்சுடன் சேர்ந்து, ஹைட்ரஜனை என்ஜினிலேயே எரிக்கும் லாரியை 2023-ல் காட்டியது. எரிபொருள் கலத்துக்கான பிளாட்டினச் செலவு அதில் இல்லை. ஆனால் மறுபுறம், ஹைட்ரஜன் லாரி தயாரித்த அமெரிக்காவின் நிகோலா நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது.

இந்திய விலையில் லாரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடும் டீசல் லாரிக்கு, லிட்டர் 92 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 26 ரூபாய். எரிபொருள் கல லாரி கிலோவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும். ஆகவே ஹைட்ரஜன் கிலோ 330 ரூபாய்க்குள் கிடைத்தால்தான் எரிபொருள் செலவிலாவது டீசலோடு சமன். யூனிட் ஆறு ரூபாய் மின்சாரத்தில் தயாரித்தால் மின்கட்டணமே 330-ஐத் தாண்டிவிடும். மூன்று ரூபாய்ச் சூரிய மின்சாரம் கிடைத்தால் அது 180 ரூபாயாகக் குறையும். மீதி 150 ரூபாய்க்குள் மின்னாற்பகுப்பு ஆலை, அழுத்தும் கருவி, போக்குவரத்து, நிரப்பு நிலையம் எல்லாம் அடங்க வேண்டும். சூரிய மின்சாரமோ பகலில் சில மணி நேரம்தான் வரும். அந்த நேரம் மட்டும் ஓடும் ஆலையின் முதலீட்டுச் செலவு ஒவ்வொரு கிலோவின் மேலும் கூடுதலாகவே விழும்.