ஜப்பானியப் பணியிடப் பரிசளிப்பு மரபு

ஜப்பானியப் பணியிடப் பரிசளிப்பு மரபு என்பது ஜப்பானில் பணியாளர்களும் அவர்களது மேலதிகாரிகளும் ஒருவருக்கொருவர் பரிசளிக்கும்போது கடைப்பிடிக்கும் வழக்கங்களைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் கூட்டரசுப் பணியாளர் தம் மேலதிகாரிக்குப் பரிசளிப்பதைச் சில விலக்குகளுடன் சட்டமே தடை செய்கின்றது. ஜப்பானிலோ பருவகாலப் பரிசுகள் மரபுப்படி கீழ்நிலைப் பணியாளரிடமிருந்து மேலதிகாரிக்கே செல்கின்றன. இதனால், விரும்பிக் கொடுப்பது எது, கொடுக்காமல் இருக்க முடியாததால் கொடுப்பது எது என்ற கேள்வி இம்மரபுடன் எப்போதும் இணைந்தே வருகின்றது.

அடிப்படைக் கருத்து

இம்மரபைப் புரிந்துகொள்ள இரண்டு ஜப்பானியச் சொற்கள் உதவுகின்றன. ஒருவரிடமிருந்து பெற்ற நன்மையால் உண்டாகும் நன்றிக்கடன் "ஒன்" எனப்படும். சமூக உறவுகளில் நிறைவேற்றியாக வேண்டிய கடப்பாடு "கிரி" எனப்படும். மேலதிகாரி பணியாளருக்குத் தொழில் கற்றுத் தருகின்றார். அவரது தவறுகளுக்குப் பொறுப்பேற்கின்றார். முற்காலத்தில் பணியாளரின் திருமணத்தில் "நாகோதோ" எனப்படும் சடங்குமுறை இடையாளராக அமர்வதும் பெரும்பாலும் மேலதிகாரியே. பரிசு இந்நன்மைகளுக்கான நன்றியாகவே கருதப்படுகின்றது. அது இனி வரப்போகும் சலுகைக்கான வேண்டுகோளாகத் தோன்றக்கூடாது என்பது முதன்மையான விதியாகும்.

பருவகாலப் பரிசுகள்

ஆண்டுக்கு இருமுறை பரிசளிக்கும் வழக்கம் உள்ளது.

ஒச்சூகென்: கோடைகாலப் பரிசு. தோக்கியோவை உள்ளடக்கிய கான்டோ பகுதியில் சூலை தொடக்கம் முதல் 15ஆம் நாள் வரையும், மேற்குப் பகுதிகளில் சூலை நடுப்பகுதி முதல் ஆகத்து 15 வரையும் அனுப்பப்படுகின்றது. இதன் பெயர் சீனத் தாவோயிய மரபில் ஏழாம் மாதத்தின் 15ஆம் நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

ஒசெய்போ: ஆண்டிறுதிப் பரிசு. டிசம்பர் தொடக்கம் முதல் ஏறத்தாழ 20ஆம் நாள் வரை அனுப்பப்படுகின்றது. இரண்டில் இதுவே முக்கியமானது. ஒன்றை மட்டும் அனுப்ப இயலுமானால் ஒசெய்போவையே தேர்ந்தெடுப்பர்.

பீர், பன்றித் தொடைக்கறி, சமையல் எண்ணெய், காப்பி, பழங்கள், உப்பிட்ட சால்மன் மீன் போன்றவை வழக்கமான பொருட்கள். 3000 முதல் 5000 யென் வரையான மதிப்பு பொருத்தமானதாகக் கருதப்படுகின்றது. மிகையான விலையுள்ள பரிசு, பெறுபவருக்குச் சுமையாகி உள்நோக்கம் பற்றிய ஐயத்தையும் எழுப்பும். முன்பு நேரில் கொண்டு சென்று கொடுப்பதே முறையாக இருந்தது. பின்னர் பல்பொருள் அங்காடிகள் மூலம் மேலதிகாரியின் வீட்டுக்கு அனுப்பும் முறை பரவியது. அவ்வாறு அனுப்பும்போது தனியே ஒரு மடலும் எழுதுவது வழக்கம். அலுவலகத்தில் பிறர் முன்னிலையில் கொடுப்பது தவிர்க்கப்படுகின்றது.

பரிசின் மேல் "நோஷி" என்னும் தாள் சுற்றப்படும். அதில் பரிசின் பெயரும் அனுப்புபவரின் பெயரும் எழுதப்படும். சிவப்பு, வெள்ளை நாடா எளிதில் அவிழ்த்துக் கட்டக்கூடிய முடிச்சாக இருக்கும். இவ்வுறவு மீண்டும் மீண்டும் தொடர வேண்டும் என்பது அதன் பொருள்.

தவிர்க்கப்படும் பரிசுகள்

மேலதிகாரிக்குக் கொடுக்கக்கூடாதவை எனச் சில பொருட்கள் கருதப்படுகின்றன.

- காலணி, காலுறை: பெறுபவரை மிதிப்பது போன்ற பொருள் தரும்.
- கடிகாரம், கைப்பெட்டி, எழுதுபொருள்: இன்னும் ஊக்கமாக உழையுங்கள் என்று அறிவுரை கூறுவது போலாகும்.
- பணம்: பெறுபவர் பொருள் வசதி குறைந்தவர் என்று கருதுவதாகும்.

இப்பொருட்களை மேலதிகாரி கீழ்ப்பணியாளருக்குக் கொடுப்பதில் பெரிய தடையில்லை. பேனா ஒன்றை மேலதிகாரி கொடுத்தால் ஊக்கம். பணியாளர் கொடுத்தால் துடுக்குத்தனம். பொருளைவிட அது செல்லும் திசையே இங்கு பொருளை முடிவு செய்கின்றது.

திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பணம் அளிப்பது இதற்கு விதிவிலக்காகும். அப்போதும் பணியாளர் தம் மேலதிகாரி கொடுக்கும் தொகையை விஞ்சாமல் பார்த்துக்கொள்கின்றார்.

பெறுபவரின் கடமை

பருவகாலப் பரிசு நன்றியின் அடையாளமாதலால் அதற்கு மாற்றுப் பரிசு கட்டாயமில்லை. ஆனால் பரிசு வந்தவுடன் நன்றி மடல் எழுத வேண்டும். பரிசுகளை ஏற்க விரும்பாத மேலதிகாரி, இம்முறை நன்றியுடன் ஏற்றுக்கொள்வதாகவும் இனி அனுப்ப வேண்டாம் என்றும் அம்மடலில் குறிப்பிடுவது உண்டு. மதிப்பில் ஒத்த ஒரு பொருளைத் திருப்பி அனுப்பியும் இதை உணர்த்துவர்.

பணியாளரைப் பொறுத்தவரை தொடங்குவதைவிட நிறுத்துவதே கடினம். மேலதிகாரி வேறு பிரிவுக்கு மாறிய ஆண்டிலேயே பரிசு நின்றுவிட்டால், அதுவரை அனுப்பியது மனிதருக்கன்று, பதவிக்கே என்பது வெளிப்பட்டுவிடும். எனவே முதலில் ஒச்சூகெனை விடுத்து ஒசெய்போவை மட்டும் அனுப்பி, பின்னர் வாழ்த்து மடலோடு நிறுத்திக்கொள்ளும் படிப்படியான முறை பரிந்துரைக்கப்படுகின்றது.

கூட்டுப் பரிசு

மேலதிகாரி இடமாற்றம் பெறும்போதும் ஓய்வு பெறும்போதும் பிரிவினர் அனைவரும் சேர்ந்து ஒரே பரிசை அளிப்பர். அனைவரும் வாழ்த்தெழுதிய சதுர அட்டையும் உடன் வழங்கப்படும். எவரும் தனித்துத் தெரியாததால், ஒருவர் மற்றவரை முந்திக்கொண்டு மேலதிகாரியின் நன்மதிப்பைப் பெற முயல இதில் இடமில்லை. பயணம் சென்று திரும்புபவர் தனித்தனியே உறையிட்ட இனிப்புகளை அலுவலகத்தில் அனைவருக்கும் பகிரும் "ஒமியாகே" வழக்கமும் இத்தகையது.

கிரி சொக்கோ

பெப்ரவரி 14 காதலர் நாளில் பெண்கள் ஆண்களுக்குச் சாக்கலேட்டு கொடுப்பது ஜப்பானிய வழக்கம். கோபே நகரைச் சேர்ந்த மொரோசோவ் நிறுவனம் 1936இல் வெளியிட்ட விளம்பரம் இதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. காதலருக்கு அன்றி உடன்பணியாற்றும் ஆண்களுக்கும் மேலதிகாரிக்கும் கடமைக்காகக் கொடுப்பது "கிரி சொக்கோ" (கடமைச் சாக்கலேட்டு) எனப்பட்டது. ஆண்கள் திருப்பிக் கொடுப்பதற்காக இனிப்புத் தயாரிப்பாளர்கள் மார்ச் 14ஐ "வெள்ளை நாள்" என 1980 முதல் பரப்பினர்.

இதன் செலவும் உழைப்பும் முதலில் பெண் பணியாளர்கள் மீதே விழுந்தன. யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது, மேலதிகாரிக்கு எவ்வளவு விலையில் வாங்குவது என்பன மனச்சுமையாயின. 2018 பெப்ரவரி 1 அன்று, சாக்கலேட்டு விற்கும் கொடைவா நிறுவனமே, கடமைச் சாக்கலேட்டு வழக்கத்தை நிறுத்துமாறு நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. நிறுவனத் தலைவர்களே இதைத் தம் பெண் பணியாளரிடம் கூற வேண்டும் என்று அது கோரியது. கீழிருப்பவர் தாமாக நிறுத்த முடியாத வழக்கத்தை மேலிருப்பவரே நிறுத்த முடியும் என்பதே இக்கோரிக்கையின் உட்கருத்து எனலாம்.

கட்டுப்பாடுகள்

வெற்றுச் சடங்குகளை ஒழித்தல் என்னும் பொருளுடைய "கியோரேய் ஹைஷி" கொள்கையின்கீழ்ப் பல நிறுவனங்கள் பணியாளரிடையே பருவகாலப் பரிசுகளையும் கடமைச் சாக்கலேட்டையும் தவிர்க்குமாறு அறிவித்துள்ளன. இத்தகைய நிறுவனத்தில் பரிசு அனுப்புவதே விதிமீறலாகும். ஏற்கும் மேலதிகாரிக்கும் அது சங்கடத்தை உண்டாக்கும். எனவே புதிதாகச் சேர்பவர் முதலில் நிறுவனத்தின் விதியை அறிந்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றார்.

மேல்நிலையைப் பயன்படுத்தி இழைக்கப்படும் பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் கடமையைச் சட்டம் 2020 சூன் முதல் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரல் முதல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் விதித்துள்ளது. இச்சட்டம் பரிசளிப்பைப் பெயர் சுட்டித் தடை செய்யவில்லை. எனினும் மேலதிகாரி தமக்குப் பரிசு வேண்டும் என உணர்த்துவதும், கொடுக்காதவரை வேறுபடுத்தி நடத்துவதும் இன்று மரபாக அன்றி அதிகாரத்தின் தவறான பயன்பாடாகவே பார்க்கப்படுகின்றன.