சரக்கு அடிச்சுட்டு சைக்கிள் ஓட்டினா போலீஸ் பிடிக்குமா? ஃபைன் இல்லை என்பது உண்மைதான்... ஆனா சிக்கல் வேற இடத்துல இருக்கு!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய சைக்கிள் வாங்கினால் யாரும் ஆர்.சி. புக் கேட்கப் போவதில்லை. ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட் கேஸ் கிடையாது. இந்த வரிசையில் பலர் தாங்களாகவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: "சைக்கிள்ல போனா ஊதச் சொல்ல மாட்டாங்க."

வார இறுதியில் ஜிஎஸ்டி சாலையில் சோதனை நடக்கும் என்று தெரிந்தால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு டாஸ்மாக் போகிறவர்கள் உண்டு. பைக்கே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இரவு டூட்டி வாட்ச்மேன், நாகல்கேணி பக்கம் தோல் பட்டறை வேலைக்குப் போகிறவர், கட்டட வேலைக்காக வெளிமாநிலத்தில் இருந்து வந்தவர் என இவர்களுக்கு சைக்கிள்தான் எல்லாமே.

ஊதச் சொல்ல மாட்டார்கள் என்பது கிட்டத்தட்ட சரி. "அதனால பிரச்னை இல்லை" என்பதுதான் தப்பு.

ஏன் சைக்கிள்காரரை ஊதச் சொல்வதில்லை?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவுதான் 'ட்ரங்க் அண்ட் டிரைவ்' கேஸ். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை போகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த தொகைகள் இவை.

ஆனால் அந்தப் பிரிவில் இருக்கும் சொல் 'மோட்டார் வாகனம்'. ஊதச் சொல்லும் அதிகாரத்தைத் தரும் 203-வது பிரிவிலும் அதே சொல்தான். காலால் மிதித்து ஓடும் சைக்கிள் அந்த வரையறைக்குள் வராது. அதனால் 10,000 ரூபாய் ஃபைனும் வராது.

இதில் ஒரு குட்டி விஷயம். பழைய மொபெட் இன்ஜினை மாட்டிய மீன்பாடி வண்டியை "இதுவும் சைக்கிள் மாதிரிதானே" என்று சொல்ல முடியாது. நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் இன்ஜின் 25 சிசி-யைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம், 185 பாயும். பேட்டரி வண்டிகளில், மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால்தான் விலக்கு. மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டிய வண்டிக்கு அந்த விலக்கு நிற்காது.

அப்போ சைக்கிளுக்கு கேஸே வராதா?

வரும். அது வேறு சட்டத்தில் இருந்து வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, பொதுவழியில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. அங்கே 'மோட்டார்' என்ற சொல்லே இல்லை. 'எந்த வாகனமும்' என்றுதான் இருக்கிறது. 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சைக்கிள் மோதி ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டால் 125-வது பிரிவில் 3 ஆண்டு வரையும், உயிரே போய்விட்டால் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை இருக்கிறது.

பொது இடத்தில் போதையில் தொல்லை கொடுத்தால் 355-வது பிரிவு: 24 மணி நேரம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், சமூக சேவை செய்யச் சொல்லியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்!

வெளிநாடுகளில் சைக்கிளுக்கென்றே தனிக் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் கார் ஓட்டுபவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் எல்லை என்றால், சைக்கிள்காரர் 160-ஐத் தொட்டாலே குற்றம். அதற்குக் கீழே இருந்தாலும், தள்ளாடி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ வழக்கு வரும். ஜப்பான் இன்னும் கறார். 2024 நவம்பர் 1 முதல் அங்கே ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்து சைக்கிள் ஓட்டினாலே 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் சைக்கிளைக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

நம்ம ஊருக்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டுமா? டூட்டி முடிந்து சைக்கிளில் போகிறவரிடம் ஆயிரக்கணக்கில் ஃபைன் வாங்குவதில் பெரிய நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஃபைன் இல்லாத காரணத்தால் ஆபத்து குறைந்துவிடாது.

"மெதுவாதானே போறேன்..."

குடித்தவர் சொல்லும் முதல் சமாதானம் இது. சைக்கிளைப் பொறுத்தவரை இது தலைகீழ். காரும் ஆட்டோவும் நின்ற இடத்தில் நிற்கும். சைக்கிள் அப்படியில்லை; வேகம் குறையக் குறைய அதை நிமிர்த்திப் பிடிக்க ஹேண்டில்பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் யோசிக்காமலேயே மூளை அதைச் செய்துவிடுகிறது. அந்த வேலையைப் பார்க்கும் சிறுமூளையையும், சமநிலையைச் சொல்லும் உள்காதையையும் ஆல்கஹால் பாதிக்கும். அதனால்தான் மெதுவாகப் போகிற போதை சைக்கிள் அகலமாக ஆடுகிறது.

ஆடுவதற்கு இடம் இருந்தால் பரவாயில்லை. ஜிஎஸ்டி சாலையில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை கிடையாது. இடப்பக்கம் ஒதுங்கினால் நிறுத்தி வைத்த வண்டிகள், ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ. வலப்பக்கம் ஒரு அடி நகர்ந்தால் பின்னால் மாநகரப் பேருந்து. துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் இரவில் வண்டிகள் வரும் வேகம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். டாஸ்மாக் மூடுவது இரவு 10 மணி. பெரும்பாலான சைக்கிள்களில் டைனமோவும் இல்லை, பின்பக்க விளக்கும் இல்லை. பின்னால் வருகிறவர் நிதானமாக இருந்தாலும், திடீரென்று வலப்பக்கம் சாயும் சைக்கிளுக்கு அவரால் பிரேக் பிடிக்க முடியாமல் போகலாம்.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாகாணத்தில் நடந்து, 2001-ல் ஜாமா மருத்துவ இதழில் வெளியானது. விபத்தில் சிக்கிய சைக்கிள்காரர்களையும், அதே மாதிரி இடத்தில் அதே மாதிரி நேரத்தில் சைக்கிள் ஓட்டிய மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆல்கஹால் இருந்தவர்களுக்குப் பலத்த காயமோ மரணமோ நேரும் வாய்ப்பு சுமார் 5.6 மடங்கு. 80-ஐத் தாண்டியவர்களுக்கு சுமார் 20 மடங்கு. 20 என்பது பைக்குக்கு நம் சட்டம் வைத்திருக்கும் 30-ஐவிடக் குறைவு என்பதை கவனியுங்கள்.

நைட்டு அடிச்சது காலைல இறங்கிடுமா?

இங்கே கொஞ்சம் கணக்கு போட வேண்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியென்றால் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 61 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் அதை வேகமாகக் குடித்து முடித்தால் ரத்தத்தில் தோராயமாக 150 மில்லிகிராம் வரை போகும். கட்டிங் என்றால் அதில் பாதி, 75. உடல் ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறைக்கும். மோரும் எலுமிச்சைச் சாறும் குளியலும் இந்த வேகத்தைக் கூட்டாது.

ஆக, இரவு 10 மணிக்கு குவார்ட்டரை முடித்தவருக்கு காலை 6 மணிக்கும் 30 நிற்கும். தூங்கி எழுந்ததால் போதை தெரியாது, அவ்வளவுதான். ஷிஃப்டுக்காக 5 மணிக்கு சைக்கிள் எடுக்கிறவர் அதைவிட அதிகத்தோடு இருட்டில் கிளம்புகிறார். ஆளுக்கு ஆள், சாப்பாட்டைப் பொறுத்து இது மாறும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இதே அளவுக்கு ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும்.

'மப்புல தூங்குறான், விடு'

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். குடித்தவருக்காக அல்ல, அவர் வீட்டில் இருப்பவர்களுக்காக.

சைக்கிளில் இருந்து விழுந்தவர் எழுந்து, தூசி தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். ரத்தம் இருக்காது. பேச்சு குழறும், வாந்தி எடுப்பார், நடை தள்ளாடும், எழுப்பினால் திட்டிவிட்டுத் திரும்பப் படுப்பார். எல்லாம் போதையின் அடையாளம். மூளைக்குள் ரத்தம் கசிவதன் அடையாளமும் அச்சு அசலாக இதேதான். எது எது என்று வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டர்களே ஸ்கேன் எடுத்துத்தான் சொல்கிறார்கள்.

பல வருடம் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மூளை சற்று சுருங்கியிருப்பதால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு இருக்கும். சின்ன அடியிலும் கிழியும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். கசிவு மெல்ல மெல்ல, சில மணி நேரத்தில் சேரலாம்; சிலருக்கு நாள் கணக்கில் கழித்தும் தெரியவரும்.

அதனால் குடித்தவர் விழுந்தார் என்று தெரிந்தாலே, தலையில் அடிபட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாமல் இருப்பது, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருப்பது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, ஒரு பக்கக் கை கால் சோர்வது... இதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும் என்பதால், கழுத்து திரும்பாமல் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

"குடிச்சிருக்கான்னு சொன்னா ஆஸ்பத்திரில சேர்க்க மாட்டாங்களே" என்ற பயம் வேண்டாம். எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார் என்று சொன்னால்தான் சிகிச்சையே சரியாக அமையும். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது.

சைக்கிள் மோதினா யார் பணம் கட்டுறது?

குடித்தவர் சைக்கிளில் போய், சாலை ஓரமாக நடந்து போகும் ஒரு பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டார், இடுப்பெலும்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பைக்காக இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும். சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸே இல்லை. சிவில் கோர்ட்டில் தீர்ப்பு வந்தால் ஓட்டியவர் சொந்தப் பணத்தில் இருந்துதான் கொடுக்க வேண்டும்.

மாறாக, குடித்திருந்த சைக்கிள்காரரை கார் இடித்துவிட்டால்? குடித்திருந்தார் என்பதாலேயே இழப்பீடு போய்விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே, மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால் 2 லட்சமும் 50 ஆயிரமும்.

அதைவிட அதிகமாகக் கேட்டு 166-வது பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போகும்போதுதான் குவார்ட்டர் குறுக்கே வரும். அரசு மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், 'மூச்சில் ஆல்கஹால் வாசனை' என்று ஒரு வரி இருந்தால் இன்ஷூரன்ஸ் வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான். விபத்தில் சைக்கிள்காரரின் தப்பும் பாதி என்று வாதாடுவார். தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் தொகையும் அந்த அளவுக்குக் குறையும். வாசனையும் தள்ளாட்டமும் மட்டும் குடிபோதைக்கு முடிவான சாட்சி ஆகாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று 1971-லேயே பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது குற்ற வழக்கு என்றாலும், அந்த ஒரு வரிக்குப் பயந்து இழப்பீடு கேட்காமலே இருந்துவிடத் தேவையில்லை. சொந்தமாக எடுத்த தனிநபர் விபத்து பாலிசி என்றால் நிலைமை வேறு. பெரும்பாலானவற்றில் போதையில் நடந்த விபத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை உண்டு.

166-ல் மனு போட விபத்து நடந்த நாளில் இருந்து 6 மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் உடனே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விபத்து பல்லாவரத்தில் நடந்தாலும் வழக்கை இங்கேயேதான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். வேலைக்கு வந்த இடத்தில் ஒருவர் அடிபட்டால், ஒடிசாவிலோ பீகாரிலோ இருக்கும் அவரது வீட்டினர் சென்னைக்கும் ஊருக்கும் அலைய வேண்டியதில்லை.